இரண்டு சம்பந்திகளும் வயிற்றுத் தூளும்

கொட்டாஞ்சேனை
23.02.2025

வெள்ளவத்தைச் சம்பந்தியம்மா அன்னபாக்கியம் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். உங்கள் வயிறு நலம் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டீர்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதற்குத் தலைச்சுற்று என்று என் மகன் பிரதீஸிடம் சொன்னேன். தலை சுற்றவில்லை. "பிள்ளை தந்த தூளைக் குடிச்ச நாள் தொடக்கம் வயிறு பஞ்சு மாதிரிக் கிடக்குது" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மகள் யதுஷா சிரித்தாள். சாப்பிட வந்திருந்த அவளுடைய மனேஜர் கைதட்டினார். அதே தூளை அதே நாளிலிருந்து குடிக்கும் நான் எதிர்க் கதிரையில் ஏப்பத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் காரணம்.

எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். யதுஷாவின் கொம்பனி அந்தத் தூளைக் கடைக்கு அனுப்பும் முன் நாற்பது பேருக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பார்க்கிறது. யாரும் எங்கும் போகத் தேவையில்லை. வீட்டிலேயே காலையில் கரைத்துக் குடிக்க வேண்டும். மாலையில் போன் கேட்கும். சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம் மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். பாதிப் பேருக்கு உண்மைத் தூள். மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. ஆராய்ச்சி நன்றாக முடிந்தால் ஆராய்ச்சிப் பகுதிக்கே அவளைப் பொறுப்பாக்குவார்கள். ஆட்கள் போதாமல் உங்களையும் என்னையும் அவளே சேர்த்தாள்.

உங்களுக்கு உண்மைத் தூள், எனக்கு மாவு. என் பக்கற்றைத் தட்டில் கொட்டி மணந்து பார்த்தேன், இட்லி மாவுக்கு இருக்கும் மணம்கூட இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் புருஷன் போன பிறகு பலசரக்குக் கடையை நடத்தியவள். எந்தச் சாக்கு தெரியாதவருக்கு, எந்தச் சாக்கு வேண்டியவருக்கு என்று பிரித்து வைப்பது எனக்குத் தெரியாததல்ல.

தூள் எனக்குப் பெரிதல்ல. மருமகள் தன் தாய்க்கு ஒன்றும் மாமியாருக்கு ஒன்றும் எடுத்து வைத்தாளா என்பது மட்டும் தெரிய வேண்டும். போனில் பதில் போடாதீர்கள். என் போனைப் பிரதீஸ்தான் பார்த்துத் தருகிறான்.

ஜீவராணி


வெள்ளவத்தை
27.02.2025

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானித்தது கம்பியூட்டர். யதுஷாவுக்குத் தெரியாது. மனேஜருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்து, வெளியிலிருந்து வரும் ஒருவர் பூட்டைத் திறந்தால்தான் தெரியும். நானும் ஒரு நாள் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா என்ர முகத்தைப் பாத்தே நீங்கள் கண்டுபிடிச்சிடுவீங்கள் அம்மா. அதுக்காகத்தான் எனக்கே மறைச்சு வச்சிருக்கினம்" என்றாள்.

என் பிள்ளைக்கு ஆட்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் உங்கள் வீட்டில் வந்து விளக்கேற்றியிருக்க மாட்டாள். அப்போது எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்னென்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் விளக்கம் சொல்லி அதைப் போக்க முடியாது. ஆகவே என்னிடம் மீதமிருக்கும் பக்கற்றுகள் முழுவதையும், உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த அஷ்ரப் தம்பியின் ஓட்டோவில் அனுப்புகிறேன். இலக்கம் பெட்டியில்தான் இருக்கிறது, பக்கற்றில் இல்லை. பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுடையவற்றை அதே ஓட்டோவில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மாவு என்று சொல்வதை நான் குடிக்கிறேன்.

இதற்கு மேல் என் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது.

பாதிச் சாப்பாட்டில் எழும்புவதை எங்கள் வீடுகளில் மரியாதை என்று சொல்வதில்லை.

அன்னபாக்கியம்


கொட்டாஞ்சேனை
02.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

பக்கற்றுகள் வந்தன. என்னுடையவையும் இந்நேரம் வந்திருக்கும். அஷ்ரப் பையை வாங்கும்போது, "என்னா ஆன்ட்டி, கல்யாணம் முடிஞ்சி ரெண்டு வருஷமாச்சி, இப்பதான் சீர் போகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பக்கற்றை வெட்டியதுமே இலேசான புளி மணம் வந்தது. தயிர்ப் பானையைத் திறந்தால் வருமே, அப்படி. என்னுடையதில் இது இருந்ததே இல்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

சாப்பாட்டு மேசையில் எழும்புவது மரியாதை இல்லைதான். அதே மேசையில், மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கக்கூசுக்குப் போய்வருவதைப் பற்றிப் பேசுவது எந்த வீட்டில் மரியாதை என்று தெரியவில்லை.

ஜீவராணி


கொட்டாஞ்சேனை
16.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

ஏப்பம் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி இருந்தது கரைந்துவிட்டது. நேற்றுக் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டேன். போன வருஷம் முழுவதும் நான் தொடாத சாமான் அது. மாலையில் போன் கேட்டபோது சிரித்த முகத்தை அழுத்தினேன். இதற்கு முன் நான் அதை அழுத்தியதே இல்லை. சும்மா முகத்தைத்தான் அழுத்திவந்தேன்.

ஆக நான் சொன்னது சரி. எனக்கு மாவு வந்தது, உங்களுக்கு உண்மை வந்தது. கம்பியூட்டர் பிரித்தது என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் கம்பியூட்டருக்கும் தாய் யார், மாமியார் யார் என்று தெரிந்திருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டேன், அது போதும். மாவு குடித்து உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜீவராணி


வெள்ளவத்தை
19.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

என் வயிறு முன்போலவே இருக்கிறது.

நேற்று யதுஷா வந்தாள். ஏப்ரல் ஐந்தாம் திகதி கூட்டம். கொம்பனி முதலாளியும், சிங்கப்பூரிலிருந்து தூளை வாங்க வருகிறவர்களும் இருப்பார்கள். அவள்தான் எழும்பிப் பேச வேண்டும். அதற்கு முந்தின கிழமை பூட்டைத் திறப்பார்கள். சேலை கட்டுவதா, காற்சட்டை போடுவதா என்று கேட்டாள். சேலை என்றேன்.

போகும்போது, "மாமிக்கு இப்ப நல்ல சுகம் போல அம்மா. திடீரெண்டு ஒரே சிரிச்ச முகமாக் கிடக்குது. நீங்கள் முதல் நாள் தொடக்கம் சிரிக்கிறீங்கள். வடிவாத்தான் போகுது" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் நெடுநாளாகக் காணவில்லை.

பக்கற்று மாற்றியதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. நீங்களும் விட வேண்டாம்.

அன்னபாக்கியம்


கொட்டாஞ்சேனை
23.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

எங்கள் மாடியில் மேபல் என்று ஒருவர் இருக்கிறார். லூசியா கோயிலில் பூ வைப்பவர். அவருக்கு வயிற்றில் புண். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள், ஒழுங்காகப் போட்டுவருகிறார். நான் கத்தரிக்காய் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டார். மருமகளின் தூள் என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்று காலை பூசை முடிந்து வந்தவர், "ஜீவராணி, அந்தத் தூள் கடைக்கு வந்த உடனே எனக்குச் சொல்லுங்க. இந்த மாத்திரை எல்லாத்தையும் கொண்டுபோய்க் குப்பையில போடப்போறேன்" என்றார். "அப்படிச் செய்யாதீங்க" என்றேன். "ஏன், உங்களுக்குச் சரியாகலையா?" என்று கேட்டார். என்ன சொல்வது? சரியாகித்தான் இருக்கிறது.

படியேறி வந்து உட்கார்ந்து யோசித்தேன். எனக்குச் சரியானது எப்படி என்று எனக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதற்கு நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். உண்மைத் தூள் உங்களிடம் இருந்தபோது வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. மாவு வந்த பிறகும் "முன்போலவே" இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி? மாவுக்கு மாறியதும் பழைய தொந்தரவு திரும்பி வந்திருக்க வேண்டுமே. உண்மையை எழுதுங்கள். அந்தப் பஞ்சு உண்மையா?

ஜீவராணி


வெள்ளவத்தை
26.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

இல்லை.

எனக்கு மலச்சிக்கல் இருக்கிறது, நீண்ட காலமாக. தூள் குடித்தபோதும் இருந்தது. உங்கள் தூள் குடித்தபோதும் இருந்தது. சில நாள் வயிறு கல் மாதிரி இறுகிக் கிடக்கும். மருந்து எடுக்கவில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

முதல் நாள் மாலை போன் கேட்டபோது சிரித்த முகத்தைத்தான் அழுத்தினேன். அன்று தூளைக் கரைக்கவே இல்லை, பக்கற்றைக்கூடத் திறக்கவில்லை. பிள்ளை சுகமோ என்று கேட்கிறாள், சுகம் என்றுதானே சொல்வது. சுகமில்லை என்றால் அவளுக்கு மனவருத்தம், அதோடு வேலைக்கும் கெடுதல். பிறகு ஒவ்வொரு நாளும் அதையே அழுத்தப் பழகிவிட்டது. அந்த மேசையில் மனேஜர் இருந்தபடியால் வாயாலும் சொன்னேன். நீங்கள் எதிரில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியும். இதை இத்தோடு விட்டுவிடுவோம். ஏப்ரல் ஐந்து முடியட்டும். அவளுக்குப் பதவி கிடைத்த பிறகு தேவையென்றால் சொல்லலாம். நாற்பது பேரில் இரண்டு பேர் பொய் சொன்னால் உலகம் கவிழ்ந்துவிடாது.

அன்னபாக்கியம்


கொட்டாஞ்சேனை
28.03.2025

சம்பந்தியம்மாவுக்கு,

இரண்டு பேர் அல்ல. நான் போனில் பொய் சொல்லவில்லை. ஆனால் யாருடைய தூளையோ குடித்துவிட்டு என் இலக்கத்தில் சிரித்தேன். அதற்குப் பெயர் வேறு, பலன் ஒன்றுதான்.

ஐந்தாம் திகதிக்குப் பிறகு சொன்னால் என்ன நடக்கும்? அவள் சேலை கட்டிக்கொண்டு பெரிய ஆட்கள் முன்னால் ஒரு பேச்சுப் பேசியிருப்பாள். பிறகு அது பொய்யென்று தெரிந்தால், பேசிய வாய் அவளுடையது. தெரியாமலே போனால், மேபல் போல் எத்தனை பேர் மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள்? அவர்களுக்கு ஏதாவது ஆனால் பெட்டியின் மேல் இருப்பது யதுஷா செய்த ஆராய்ச்சி. முதல் சொன்னால் வேலைக்கு அடி விழும். பிறகு சொன்னால் பிள்ளைக்கே விழும்.

என்னால் சொல்ல முடியாது. சொல்ல மனமில்லாமல் அல்ல. நான் சொன்னால், மருமகள் மேலே வரும் நேரம் பார்த்து மாமியார் காலை வாரினாள் என்பார்கள். பிரதீஸும் அப்படித்தான் நினைப்பான். யதுஷா வாயால் சொல்லமாட்டாள், உள்ளே நினைப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது.

தாய் சொன்னால் அப்படி ஒருவரும் நினைக்கமாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழுப் பழியையும் என் மேல் போட்டாலும் சரி. சந்தேகப்பட்டவள் நான்தானே.

அஷ்ரப் கீழே ஹோர்ன் அடிக்கிறார். இதோடு முடிக்கிறேன்.

ஜீவராணி


வெள்ளவத்தை
06.04.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மடித்து வைத்திருந்தேன். உங்கள் மேல் கோபம். பிறகு யதுஷா சேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் காட்ட வந்தாள். போட்டுக் காட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு நின்றவளிடம்தான் சொன்னேன்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எப்ப மாத்தினீங்கள்?"

"பெப்ரவரி முடிவில."

"மாமிதான் கேட்டவவோ?"

"அவ கேக்கேல்லை. நான்தான் அனுப்பினனான். ரோசத்தில."

"நீங்கள் அழுத்தின முகமெல்லாம்?"

"சும்மா அழுத்தினனான் பிள்ளை. நீ சுகமோ எண்டு கேட்டாய், நான் சுகம் எண்டு சொன்னனான்."

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் சுகமோ எண்டு கேக்கேல்லை அம்மா. வயிறு எப்பிடி எண்டு கேட்டனான்."

அடுத்த நாள் ஒஃபிசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். மனேஜர், இரண்டு பேரைத்தானே, பேசாமல் எடுத்துவிடு என்றாராம். அவள் கேட்கவில்லை. மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். ஆட்கள் போதாமல் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டாரையே சேர்த்திருந்தார்கள். ஒருவரின் பெரியம்மா, "அந்தப் பிள்ளை அவ்வளவு அன்பாக் கேக்குது, என்னெண்டு அழுத முகத்தை அமத்துறது?" என்று கேட்டாராம். ஒரு மாமா பகல் முழுக்க வயிற்றோட்டத்தில் கிடந்துவிட்டு மாலையில் சிரித்த முகத்தை அழுத்தியிருக்கிறார்.

வெளியிலிருந்து வந்தவர் பூட்டைத் திறந்தார். உங்களுக்கு வந்தது மாவு.

எனக்கும் மாவு.

நீங்கள் மணந்த புளி மணம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து அல்ல. மாவுக்கும் மாவுக்கும் நாங்கள் ஓட்டோ பிடித்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று. அவளுக்கு உதவியாகட்டும் என்றுதானே நான் சிரித்தேன். மாவு குடித்தவர்களும் தூள் குடித்தவர்களும் ஒரே அளவாகச் சிரித்தபடியால் தூளால் ஒரு பயனும் இல்லை என்றுதான் கணக்கு வந்ததாம். நான் அழுத்திய சிரிப்பெல்லாம் மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தூள் உண்மையில் நல்லதோ இல்லையோ, இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஒருவருக்கும் சொந்தமில்லாத ஆட்களை வைத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் நடக்கவில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. யதுஷா அவருக்குக் கீழே வேலை செய்கிறாள்.

என்னோடு அவள் கதைப்பதில்லை. உங்களோடு கதைக்கிறாளா?

அன்னபாக்கியம்


கொட்டாஞ்சேனை
27.04.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஏப்பம் திரும்பி வந்துவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன். மாவு என்று வாசித்த கணத்திலேயே நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கத்தரிக்காயை நிறுத்திவிட்டேன். மேபலிடம் போய், "எனக்குச் சரியாகலைங்க, நீங்க மாத்திரையை விடாதீங்க" என்று சொன்னேன். "அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று சண்டைக்கு வந்தார். வாங்கிக்கொண்டேன்.

என்னோடும் அவள் பேசவில்லை. வருஷப் பிறப்பன்று கைவிசேஷக் காசு வாங்கப் பிரதீஸ் மட்டும் வந்தான். அவளுக்குத் தலைவலி என்றான். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். உங்கள் வீட்டுக்கும் அவன் மட்டும்தான் வந்திருப்பான்.

போன வெள்ளிக்கிழமை கதவு தட்டினார்கள். திறந்தால் அவள், தனியாக. உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமி, வயிறு எப்பிடி?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் போனை எடுக்கவில்லை. எதையும் அழுத்தச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியில்லம்மா. சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்குது. படுத்தா மேல வருது. போன தீபாவளிக்கு முன்ன இருந்தே இப்படித்தான்."

"ஏன் மாமி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ மூணு மொகம் குடுத்த. அதுல ஒண்ணும் என் மொகம் மாதிரி இல்லம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அழுதாள். நான் துவாய் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. பதவியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகும்போது ஒரு விஷயம் மட்டும் கேட்டாள். அவள் எனக்கு வேண்டுமென்றே மாவு தந்தாள் என்று நான் உண்மையிலேயே நினைத்தேனா என்று. ஆமாம் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். தலையாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டாள். போன பிறகு, கோபத்தோடு போனாளா என்று விடியும் வரை எனக்குத் தெரியவில்லை.

காலையில் எனக்குப் போன் செய்தாள். வரும் வியாழக்கிழமை வயிற்று டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கிறாள், உங்களுக்கும் சேர்த்து. நாம் இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போக வேண்டுமாம், தானும் கூட வருவாளாம். "ஏம்மா, தனித்தனியாப் போகலாமே" என்றேன். "இல்லை மாமி. தனியப் போனா ரெண்டு பேரும் டொக்டரிட்டயும் சுகம் எண்டுதான் சொல்லுவீங்கள். மற்ற ஆள் பக்கத்தில இருந்தா பொய் சொல்ல வாய் வராது" என்றாள்.

உங்களிடம் அவளே நேரில் வந்து சொல்வதாகச் சொன்னாள். அவள் வரும்போது இந்த விஷயம் ஏற்கெனவே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம். ஜீவராணி எழுதினாள் என்றே சொல்லிவிடுங்கள்.

ஜீவராணி